கடை ரெலிபோனில கடைசி ஆட்டம்

1987 ஜூன், ஞாயிறு. டோர்ட்மண்ட்.

"சண்டைக்குள்ளால தப்பிக் கொழும்புக்கு வந்து சேர்ந்த உடன, வாற முதல் ஞாயிறு நான் கோப்பை கழுவுற இத்தாலியன் கடைக்கு ரெலிபோன் எடும். ஞாயிறில கடை பூட்டு, நான் போய் நிப்பன்" என்று மனுசிக்கு எழுதினது நான்தான். இத்தாலியில இரண்டாம் பிரிவுக் கால்பந்தின்ர கடைசி ஆட்டம் இண்டைக்கென்று ஆர் கண்டது?

பின்னேரம் முழுக்க முதலாளி ரிசீவரைக் காதில வைச்சபடி நிண்டார். இத்தாலியில அவற்ற தம்பி மற்ற ரிசீவரை ரேடியோவுக்குக் கிட்டப் பிடிச்சிருக்கிறானாம். தோத்தால் அவையின்ர அணி கீழ்ப் பிரிவுக்குப் போயிடும்.

"மனுசி எடுப்பா, கொஞ்சம் வையுங்கோ" என்று தெரிஞ்ச ஜெர்மனில கெஞ்சினன்.

"முடியப்போகுது, பொறு" என்றார்.

அணி தப்பிட்டுது. முதலாளி அழுதழுது என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினார். பிறகு இருட்டுமட்டும் பக்கத்திலயே இருந்தன். ரெலிபோன் அடிக்கவேயில்லை.

அவள் திரும்பத் திரும்ப எடுத்து, எங்கேஜ் சத்தம் கேட்டு என்னைத் திட்டியிருக்க வேணும். கொழும்புக்கு வந்து சேர்ந்து, அங்க நிண்டு திட்டியிருந்தால் அதுவே போதும்.