எலும்பில்லாத கறி

பிப்ரவரி 3
கால்நடை மருத்துவரிடம் போய்விட்டு வந்து இன்னும் மனசு ஆறவில்லை. என் குட்டிப் பூனைகள் வெள்ளைச்சிக்கும் சாம்பலுக்கும் மூன்று வாரமாக நானே பச்சைக்கோழி நறுக்கி, ஈரல் கலந்து வைக்கிறேன் என்று சொன்னேன். ஊசி போட்டுக்கொண்டே, "வெறும் கறி போதாதுங்க. வளர்ற குட்டிங்க, எல்லாம் அளந்து சேக்கணும். தெரியலன்னா பாக்கெட்டே குடுங்க" என்கிறார். அந்த டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் பாக்கெட் தீனி கூரை வரை அடுக்கியிருக்கிறது. கேட்பானேன்? எனக்கு அளக்கத் தெரியாதாம். பதினோரு வருஷமாக மருந்துக்கடையில் நின்று ஊருக்கே அளவு சொல்பவள் நான்.

பிப்ரவரி 9
ஒரு கிலோ தொடைக்கறி. தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்து எலும்பை ஒரு துணுக்கு விடாமல் எடுத்தேன். முக்கால் மணி நேரம். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படியைத் தாண்டுகிறார். "நமக்கு நேத்து மிச்சம், அதுங்களுக்கு இன்னைக்குப் புதுசா?"
அடுத்த துண்டை எடுத்தேன். பதில் சொன்னால் பேச்சு வளரும்.

பிப்ரவரி 22
ரோமம் மின்னுகிறது. அந்த டாக்டரம்மா வந்து பார்க்கட்டும்.

மார்ச் 6
கையும் களவுமாகப் பிடித்தேன். மாமனார் கட்டிலுக்கடியில் பாக்கெட் தீனி, பாதி காலி. சாம்பல் அவர் மடியில் உட்கார்ந்து மொறுமொறுவென்று தின்கிறான்.
"எத்தனை நாளா மாமா?"
"ஆரம்பத்துலேர்ந்தேதாம்மா. மடியில வந்து உக்காந்து மூஞ்சியப் பாக்குது. வெள்ளைச்சிதான் என்கிட்ட வர்றதே இல்ல."
அதுதான் அவருக்கு வருத்தம்! நான் விரலை வெட்டிக்கொண்டு நறுக்குவது எதுக்கு? இந்த வீட்டுல என் பேச்சுக்கு என்னதான் மரியாதை? மிச்சத்தைக் குப்பையில் கொட்டினேன். அவர் சாப்பிட வரவில்லை. வேண்டாம், இருக்கட்டும்.

மார்ச் 15
வெள்ளைச்சி அலமாரி மேல் ஏறுவதில்லை. தூக்கினால் கத்துகிறாள். மாமனார், "டாக்டர்கிட்ட காட்டிடும்மா" என்றார். ஆமாம், நாலு பாக்கெட்டைத் தலையில் கட்டுவார்கள்.

மார்ச் 19
நாற்காலியிலிருந்துதான் குதித்தாள். வெறும் நாற்காலி. பின்னங்கால் ஒடிந்துவிட்டது.

மார்ச் 20
எக்ஸ்ரேயில் எலும்பு எது, சதை எது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டில் கால்சியம் இல்லாததால் உடம்பு எலும்பிலிருந்தே எடுத்துக்கொண்டதாம். எலும்பை நீக்கியது நான்தான். ஈடாக எதையும் சேர்க்காததும் நான்தான். சாம்பலையும் படம் எடுத்தார்கள். அவன் எலும்பு பளிச்சென்று இருக்கிறது.
"இவனுக்கு வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். கூட வந்திருந்த மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன்.
கடையில் கால்சியம் மாத்திரை என் கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது. தினம் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு ஏன் உறைக்கவில்லை?
'அப்பவே சொன்னேனே' என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லவில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது — யார் மேல் என்று கேட்டால் தெரியவில்லை.

ஏப்ரல் 24
கால் கூடிவருகிறது. இன்னும் இரண்டு வாரம் கூண்டுதான். கடையிலிருந்து வந்தபோது மாமனார் கூண்டு முன்னால் தரையில் உட்கார்ந்து, வெள்ளைச்சிக்குப் பாக்கெட் தீனியை ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனார்.
கைப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"எனக்கும் கொஞ்சம் குடுங்க மாமா."
என் உள்ளங்கையில் எண்ணி ஐந்து வைத்தார்.