ரோஸ் அக்கா பார்த்துக்கொண்ட சபை

11-6-1996, செவ்வாய்

சரக்கு ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். நான் வேலை பார்க்கும் புலாவ் செபாங் ஸ்டேஷனில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. செய்தி மத்தியானம் வந்தது: பேராயர் கடிதம். எங்கள் பாஸ்டர் பாக்கியசாமி இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்று சிரம்பானுக்குப் போகிறார். புதியவர் வர செப்டம்பர் ஆகும். அதுவரை சபையை நடத்தப் போவது ரோஸ் அக்கா!

பதினாறு வருடமாகச் சபையின் செயலாளர் நான். அக்கா, பத்து பெரெண்டாம் ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷிதான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும்... மனைவி புனிதாவிடம் சொன்னேன். "உங்களுக்கு வயிறு எரியுது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

கடிதத்தின் கடைசி வரி பயமாக இருக்கிறது. புதியவரோடு சபை ஒட்டவில்லை என்றால், எங்களை மலாக்கா டவுன் சபையோடு சேர்த்துவிடுவார்களாம். தோட்டத்துச் சனம் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? பாதிப் பேர் ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிடுவார்கள்.

30-6, ஞாயிறு

பாஸ்டருக்கு வழியனுப்பு. இருபத்திரண்டு வருடம் இருந்தவர். இங்கே வந்து அவர் கொடுத்த முதல் ஞானஸ்நானம் என் மகள் ஜெனட்டுக்கு. அழாதவர் யார்?

எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது ரோஸ் அக்கா மைக்கைப் பிடித்தார். "நாளையிலேர்ந்து கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் எதுக்கும் யாரும் பாஸ்டர் பாக்கியசாமிக்கு போன் போடக்கூடாது. புதுசா வர்றவர் நம்ம வீட்டுக்குள்ள வரணும்னா, இவர் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

அவர் முகத்துக்கு நேராகவே! பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரக்கமே கிடையாதா இந்த அம்மாவுக்கு?

14-7, ஞாயிறு

அக்கா பிரசங்கம் செய்வதில்லை. "எனக்கு அது வராது லா" என்று சொல்லிவிட்டு, வாரம் ஒருவரை எழுப்பி அவரவர் சாட்சியைச் சொல்ல வைக்கிறார். இன்று ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் மீனம்மா பேசினார். வாயே திறக்காத மீனம்மா! நன்றாகவே பேசினார்.

19-7, வெள்ளி

ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் ராஜம்மா இறந்துபோனார். பழைய பாஸ்டர்தான் வந்து அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் மகன் சேகரன் பிடிவாதமாக நின்றான். அக்கா மலாக்காவிலிருந்து வேறு போதகரை அழைத்து வந்துவிட்டார். சேகரன் எல்லார் முன்னாலும் கத்தினான். "வேன் ஓட்டுற வேலைய மட்டும் பாரு! என் அம்மா சாவுல ரூல் பேசாத!"

அக்கா நேரே உள்ளே போனார். அவன் மனைவியோடு உட்கார்ந்து ராஜம்மாவுக்குப் புடவை கட்டிவிட்டார். பிறகு தோட்டத்துக் கிழவிகளை மூன்று நடையாகக் கல்லறைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கே சேகரன் தள்ளாடியபோது தாங்கிப் பிடித்ததும் அவர்தான்.

நானாக இருந்தால்? இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை. பேராயர் ஏன் அக்காவைத் தேர்ந்தெடுத்தார் என்று இன்றைக்குப் புரிந்தது. ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

22-8, வியாழன்

ஜெனட்டுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. நவம்பர் 23.

ஆபீசிலிருந்து சிரம்பானுக்கு போன் போட்டேன். பாஸ்டர் பாக்கியசாமி உடனே சரி என்றார். யாரிடமும் சொல்லவில்லை. ஜெனட்டுக்கு இவர் இல்லாமல் வேறு யார் செய்வது? அக்காவின் சட்டம் எனக்குமா?

8-9, ஞாயிறு

புதியவர் வந்துவிட்டார். பாஸ்டர் எப்ராயீம். சுங்கை சிப்புட்காரர், முப்பத்தொரு வயது, ஒல்லி. பிரசங்கம் பதினெட்டே நிமிடம். வாசலில் எல்லாரும் அவரிடம் ஒரே பாட்டு: "பாஸ்டர் பாக்கியசாமி இப்படிச் செய்ய மாட்டாரு." சிரித்துச் சிரித்தே அவருக்கு வாய் வலித்திருக்கும்.

27-9, வெள்ளி

அக்கா ஷிஃப்ட் பெண்களை இறக்கிவிட்டு, வாரத்தில் மூன்று சாயங்காலம் பாஸ்டர் எப்ராயீமை வீடு வீடாகக் கூட்டிப் போகிறார். இன்று நானும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்று, "இவர்தான் நம்ம பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி வேனில் போய் உட்கார்ந்துகொள்கிறார். காப்பிக்குக்கூட உள்ளே வருவதில்லை. டாஷ்போர்டில் காலை நீட்டி முறுக்கு தின்றுகொண்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன்.

"நான் உள்ள இருந்தா என்கிட்டதான் பேசுவாங்க, தம்பி. அவருகிட்ட எப்ப பேசிப் பழகுறது?"

இப்படிப்பட்டவரைத்தான் வேன் ஓட்டுகிறவர் என்று எழுதினேனா நான்? வெட்கமாக இருக்கிறது. ஆனால் சிரம்பானுக்கு போன் போட்டதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

17-10, வியாழன்

கார்டு வந்துவிட்டது. ‘பாஸ்டர் பாக்கியசாமி தலைமையில்’ என்று தங்க எழுத்தில். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அக்காவிடம் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். கார்டை இரண்டு முறை படித்தார்.

"மில் லைன் வீட்டு விமலனோட பொஞ்சாதி மாசமா இருக்கு. ஞானஸ்நானத்துக்கு பழைய பாஸ்டர்தான் வேணும்னு நிக்கிறான். இன்னும் ரெண்டு வீட்டுல கல்யாணம். யாரும் என்னைப் பாக்கல தம்பி, செக்ரட்டரி என்ன செய்றாருன்னு பாக்கிறாங்க."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "பாஸ்டர் எப்ராயீமுக்கு நீங்களே சொல்லிடுங்க. அடுத்தவங்க வாயால கேக்கக்கூடாது பாருங்க."

18-10, வெள்ளி

சொன்னேன். அந்த மனிதர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "சந்தோஷம் ஐயா. அன்னைக்கு நான் வாசல்ல நின்னு எல்லாரையும் வரவேற்கிறேன்" என்றார். சத்தியமாக, அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

வீட்டில் ஜெனட் சொன்னாள்: "எனக்கு யார் செஞ்சாலும் ஓகே லா, அப்பா. உங்களுக்குத்தான் பழைய பாஸ்டர் வேணும்."

19-10, சனி

சிரம்பானுக்கு போன் போட்டேன். "பாஸ்டர், நீங்க கல்யாணத்துக்கு வரணும். ஆனா நடத்தி வைக்க வேண்டாம்..." என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"பிரான்க்ளின், அன்னைக்கு மைக்குல அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். யார் கூப்பிட்டாலும் என் வாயில முடியாதுன்னு வராது. அது எனக்குத் தெரியும். அதனால ரோஸ்கிட்ட கெஞ்சிக் கேட்டேன். பாருங்க, நீங்க கூப்பிட்டதும் ஓடி வர்றேன்னுட்டேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதம்! சேகரன் சாவு வீட்டில் அப்படிக் கத்தினானே, அப்போதாவது அக்கா சொல்லியிருக்கலாமே? ‘பாஸ்டரே சொன்னதுதான்’ என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் சனத்தின் கோபம் பாஸ்டர் மேல் திரும்பியிருக்கும். எல்லாத் திட்டையும் தானே வாங்கிக்கொண்டாரே, என்ன பெண்மணி இவர்!

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அவரு சொல்லிட்டாரா? வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரே!" என்று பாஸ்டரைத்தான் திட்டினார்.

22-10, செவ்வாய்

புனிதா, ஜெனட், நான், மூன்று பேரும் உட்கார்ந்து முந்நூறு கார்டிலும் புதிய பெயரை ஒட்டினோம். கையெல்லாம் பசை. கோணலாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

24-11, ஞாயிறு

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பாஸ்டர் எப்ராயீம்தான் ஆசீர்வதித்தார். பாஸ்டர் பாக்கியசாமி சட்டை பேண்ட்டில் விருந்தாளியாக வந்து, எல்லாருக்கும் முன்னால் சின்னவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆலயமே பார்த்தது.

5-12, வியாழன்

ஆபீசுக்கு மில் லைன் விமலன் போன் செய்தான். குழந்தை பிறந்துவிட்டதாம். "ஞானஸ்நானத்துக்கு பாஸ்டர்கிட்ட தேதி கேக்கணும்ணே" என்றான்.

எனக்குப் பக்கென்றது. "எந்த பாஸ்டர்?" என்றேன்.

"என்னண்ணே இது, நமக்கு எத்தனை பாஸ்டர்?"

சாயங்காலம் ஃபேக்டரி வாசலுக்கே போய் அக்காவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?" என்றார்.

அதைக் கேட்க மறந்துவிட்டேன்.