குலுக்கிப் போட்ட குறைகள்

ஆபா,

உங்கள் எவர்சில்வர் டப்பாவை இன்று திறந்தேன். எத்தனை முறை கழுவி வெயிலில் காயவைத்தாலும் கத்தரிக்காயின் புளிப்பு வாசனை அந்த மூடியை விட்டுப் போவதில்லை. பிரியாணி கொண்டுவரும் நாட்களில் கத்தரிக்காயை மட்டும் இதில் தனியாக எடுத்து வருவீர்கள். பிரியாணியைவிட அதற்குத்தான் எங்களுக்குள் சண்டை. போன நோன்பு மாதத்தில் நீங்கள் இறந்துபோனதும் உங்கள் மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று அதை எடுத்தது சாப்பாட்டுக்கு இல்லை.

ஆம்பூரில் இந்த ஷூ கம்பெனியில் நீங்கள் எங்கள் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக, எல்லோருக்கும் மூத்த அக்காவாக இருந்த காலம் நினைவுக்கு வருகிறது. வருடா வருடம் அப்ரைசல் வரும். ஒவ்வொருத்தியின் பெயருக்கு எதிரிலும் ‘குறைகள்’ என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விட்டால் கம்ப்யூட்டர் வாங்காது. ஒரு வருடம் நீங்கள் எல்லோருக்கும் ‘குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தீர்கள். மேனேஜர் உங்களைக் கூப்பிட்டு, “குறை இல்லாத ஆளே கெடையாதும்மா. நீங்க ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தம்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் இந்த டப்பாவைக் காலிசெய்து, துடைத்து, சீட்டுகளைச் சுருட்டிப் போட்டீர்கள். பேச்சு ஜாஸ்தி. ஸ்பீடு கம்மி. லீவு ஜாஸ்தி. மெஷினைத் துடைப்பதில்லை. “ஆளுக்கு ஒண்ணு எடுங்க. இந்த வருசம் அதான் உங்க குறை” என்றீர்கள். ஒரே குறை அடுத்த வருடமும் வந்தால் மெமோ கொடுப்பார்கள் என்பதால், போன முறை வந்ததே வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டமும் போட்டீர்கள். வாய் திறந்து பேசவே பேசாத சுகுணாவுக்குப் ‘பேச்சு ஜாஸ்தி’ வந்தது. லைனே சிரித்தது. அவளும் சிரித்தாள், சத்தம் வராமல். “குறையெல்லாம் அல்லாவுக்குத் தெரியும். நமக்கு இன்னாத்துக்கு அந்த வேலை?” என்று நீங்கள் டப்பாவை மூடினீர்கள். குறை சொல்லப்பட்ட நாளில் அவ்வளவு சந்தோஷமாக வேறு யாராவது வீட்டுக்குப் போயிருப்பார்களா என்று தெரியவில்லை.

மேனேஜரிடம் நாம் மாட்டிக்கொண்டது மணிமேகலையால். காய்ச்சலோடும் வேலைக்கு வருகிறவளுக்கு ‘லீவு ஜாஸ்தி’ வந்துவிட்டது. அட்டெண்டன்ஸைப் பார்த்தால் ஒரு லீவு கூட இல்லை. சீட்டு எடுத்த குஷியில் நமக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. உங்கள் அப்ரைசலில் மேனேஜர், ‘குறை காணும் திறமை போதாது’ என்று எழுதி உங்களைப் பேக்கிங்குக்கு அனுப்பினார். “பாத்தியா, சீட்டே எடுக்காம எனக்கு ஒண்ணு கெடைச்சிடுச்சு” என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டீர்கள். அந்தச் சிரிப்பை நம்பி நானும் உங்களைத் தேடி வரவில்லை.

இப்போது உங்கள் நாற்காலியில் நான் இருக்கிறேன். ஆர்டர் கம்மி. இந்த முறை அப்ரைசலில் லைனுக்கு ஒருத்தி, யார் கடைசியோ அவளுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைசி ஆளை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நேற்று முழுவதும் ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குறை தெரிந்தது ஆபா, எல்லோரிடமும் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் யாரிடம்தான் தெரியாது? வீட்டுக்குப் போயும் அந்தக் கண் மாறவில்லை. என் மகள் தோசை சுடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “இன்னாம்மா அப்படிப் பாக்கற?” என்று கேட்டாள்.

இன்று மத்தியானம் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விஷயம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மணிமேகலைதான் பேசினாள். “நீ எழுதினா காலத்துக்கும் உன்மேல கோவம் இருக்கும்க்கா. சீட்டுன்னா யார் மேலயும் இருக்காது. ஆபா டப்பா உங்கிட்டதான இருக்கு, எடு.” முடியாது என்றேன். “அப்ப யாருன்னு இப்பவே சொல்லு, கேட்டுக்கறோம்” என்றாள். எழுந்துபோய் என் மேசையில் வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்தேன்.

எல்லாம் வெற்றுச் சீட்டு, ஒன்றில் மட்டும் ஒரு கோடு. அன்றைக்குப் போல யாரும் மாற்றிக் கேட்கவில்லை. கோடு சுகுணாவுக்குப் போனது. அவள் அதைப் பிரித்துப் பார்த்து, மறுபடி சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். சாயங்காலம் வரை தைத்தாள்.

உங்கள்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது ஆபா. சிரித்துக்கொண்டே சீட்டு எடுக்க நீங்கள்தான் எங்களைப் பழக்கினீர்கள். அன்று உங்களோடு சேர்ந்து நாங்கள் எல்லோருமே குறை எழுத மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதும் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. நீங்கள் இருந்தால் உங்களிடமே கத்தித் தீர்த்திருப்பேன். இப்போது என்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை விட்டதும் ஆலங்காயம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறப்போன சுகுணா, திரும்பி என்னிடம் வந்தாள். இத்தனை வருடத்தில் அவளாக வந்து என்னிடம் பேசியதே இல்லை.

“அக்கா, வேற கம்பெனிக்குப் போனா என்னப் பத்தி இங்க கேப்பாங்களாம். கொஞ்சம் நல்ல குறையா பாத்து எழுதுக்கா.”

நல்ல குறை என்று ஒன்று எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே சரி என்று தலையாட்டினேன். அவள் அதை நம்பி பஸ் ஏறினாள்.