உப்பில்லாத சூப்பு

ஒக்டோபர் 14, வெள்ளி

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது.

பிரஷர் ஏறி விழுந்த என் மனிசனை நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்பைத் தொடக்கூடாது, இன்னொரு முறை ஏறினால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவருக்குச் சூப்பு வைத்தேன். மாட்டிறைச்சியில் கொழுப்பை நீக்கி, பொடியாகக் கொத்தி, இஞ்சியும் மிளகும் சேர்த்து உருண்டை பிடித்தேன். கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ் என்று மரக்கறி எல்லாம் போட்டு, உப்புக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி பிழிந்தேன்.

ஒரு வாய்தான் குடித்தார்.

"உப்பளம் வச்சிருக்கிறவன்ட ஊட்டுல உப்பில்லையாடி?"

கோப்பையை என் மீது எறிந்தார். கழுத்தெல்லாம் வெந்துபோனது.

"உங்கட உசிருக்காகத்தானே..."

கையை முறுக்கி அடுப்படிக்கு இழுத்துப் போனார். சாடியிலிருந்த கல்லுப்பு முழுவதையும் அள்ளி அள்ளி என் வாய்க்குள் அடைத்தார்.

"முழுங்குடி. ருசி தெரியட்டும்."

உதடு கிழிந்தது. இரத்தமும் உப்புமாக விழுங்கினேன்.

பிறகு தரையில் சிந்திக்கிடந்த உப்பைக் கூட்டியள்ளிச் சூப்புச் சட்டியில் போட்டு, கடைசி உருண்டை வரை தின்றார்.

"இப்பதான் சூப்பு. நாளைக்கும் இப்படியே வை."

"ஓம், வைக்கிறன்" என்றேன்.

இப்போது பக்கத்து அறையில் குறட்டை கேட்கிறது. சாடியில் உப்பை நிரப்பி வைத்துவிட்டுத்தான் படுக்க வந்தேன்.