ஓர் எழுத்துக் குறைந்த மேய்ப்பன்

சேசு மரி சூசை துணை

கொழிஞ்சாம்பாறை,
28-4-1975

அன்பு மனைவி மதலேனம்மாளுக்கு உன் கணவன் இன்னாசிராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சர்வேசுரன் அருளால் அக்காள் வீட்டுக்குச் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் சுகமும் நம் மந்தையின் சுகமும் அறிய ஆவல்.

அன்று சாயங்காலம் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நல்ல மேய்ப்பன் ஞாயிறும் அதுவுமாக, நான் பிரசங்கத்தின் நடுவில் நிற்கும்போதா அந்த யானை வர வேண்டும்? அசன விருந்துக்கு வாங்கிய அரிசியையும் வெல்லத்தையும் கோயிலுக்குள்ளேயே முன்வாசலை ஒட்டி அடுக்க வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டீர்கள்? ஆடுகளுக்கு அறிவு கிடையாது. அதனால்தானே மேய்ப்பன் என்று ஒருவனை வைத்திருக்கிறது.

சொல்லிக்கொள்ளாமல் வந்தது உனக்கு மனத்தாங்கலாக இருக்கலாம். எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது. சூரியநெல்லியிலிருந்து போடிமெட்டு வரை நடந்து, அங்கே ஓர் ஏலக்காய் லாரியில் ஏறிப் போடிக்கு இறங்கி, பஸ் மாறி மாறி வந்தேன். அக்காள் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "ஏங்கண்ணு, இப்பிடி எளச்சுப் போயிட்டே? ஊட்டுல ஒருத்தி இருக்கறாளே, சோறு ஆக்கிப் போடறாளா இல்லையா?" என்று கேட்டாள். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. சும்மா இருந்தேன். காலையில் ஆட்டுக்கால் சூப்பு, மதியம் கறிக்குழம்பு என்று கவனிக்கிறாள். உடம்பு தேறி வருகிறது.

பீடத்துக்குப் பின்சுவரில் நல்ல மேய்ப்பன் படத்தைப் போடியிலிருந்து வந்த கந்தப்பன் பாதியில் விட்டுப் போயிருக்கிறான். நான் தோளில் ஆட்டுக்குட்டியோடு இரண்டு மணி நேரம் அசையாமல் நின்று, அது என் சட்டையை நனைத்ததையும் பொறுத்துக்கொண்ட படம் அது. பங்குச் சாமியார் வருவதற்குள் முடிக்கச் சொல். கீழே "நல்ல மேய்ப்பன்" என்று கொட்டை எழுத்தில் வர வேண்டும். பவனிக்குச் செய்த என் வளைந்த கோல் அங்கேயே கிடக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வை.

உன் அன்புள்ள,
இன்னாசிராஜ், உபதேசியார்


சேசு மரி சூசை துணை

சூரியநெல்லி,
6-5-1975

மரியாதைக்குரிய உபதேசியார் அவர்களுக்கு மதலேனம்மாள் எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. எழுத்தில் கோணல் எதுவும் இல்லை. முத்து முத்தாக இருக்கிறது.

மந்தை சுகம். மறுநாளே எல்லோரும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனோம். யானையும் சுகம் என்று கேள்வி. அது முன்வாசலை இடித்தது, அரிசியைத் தின்றது, வெல்லத்தைத் தின்றது, யாரையும் தொடவில்லை, போய்விட்டது. வந்த காரியத்தை முடித்துவிட்டுப் போகிற நல்ல குணம் அதற்கு இருக்கிறது.

கோலைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொன்னீர்கள். யாருடைய கால் பத்திரம் என்று கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கமலாத்தாளுக்குக் கால் ஒடிந்துவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறாள். பாவம், அவள் வேதக்காரிகூட இல்லை. உங்கள் ஊர்ப்பக்கத்துப் பாஷை பேசிக்கொண்டு அசனச் சோறு சாப்பிட வந்தவள். சன்னல் வழியாக வெளியே குதித்தாள். நாங்கள் எல்லோருமே சன்னல் வழியாகத்தான் குதித்தோம்.

கதவு இருக்கும்போது சன்னல் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். முன்கதவில் யானை நின்றது. பின்கதவு திறக்கவில்லை. நம் கோயில் ஒரு காலத்தில் கம்பெனியின் உரக் கிடங்கு, அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். யாரோ வெளியிலிருந்து அதைப் போட்டிருந்தார்கள். தச்சுவேலை மாரப்பன் தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனைக்குத் தாப்பாப் போடத் தெரியாதுங்க" என்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களுக்கு முன்னால் அந்தக் கதவு வழியாக வெளியே போனவர் நீங்கள் ஒருவர்தான்.

படத்தைக் கந்தப்பன் முடித்துவிட்டான். லாரிக்கும் சோடாக் கடைக்கும் எழுதிப் பழகிய கை அல்லவா, வண்ணம் பளீரென்று இருக்கிறது. ஆடுகளுக்கெல்லாம் தாடி வைத்திருக்கிறான், ஆகவே அவை வெள்ளாடுகள். கீழே "நல்ல மேய்பன்" என்று எழுதிவிட்டான். நடுவில் "ப்" இல்லை. "எழுத்துச் சரியா இருக்காக்கா?" என்று கேட்டான். நான் படத்தில் இருந்த உங்கள் முகத்தைப் பார்த்தேன். எழுத்தைப் பார்த்தேன். ரொம்பச் சரியாக இருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டேன்.

அக்காளின் கறிக்குழம்புக்கு என் வந்தனம்.

இப்படிக்கு,
மதலேனம்மாள்


சேசு மரி சூசை துணை

கொழிஞ்சாம்பாறை,
15-5-1975

மதலேனம்மாளுக்கு,

உன் கடிதத்தை அக்காளுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு மனைவி கணவனுக்கு எழுதுகிற கடிதமா இது? கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்ததற்கு இதுதான் பலனா?

முதலில் அந்த எழுத்து. மேய்ப்பவன் வேறு, மேய்பவன் வேறு. ஒருவன் ஆட்டுக்குத் தீனி காட்டுகிறவன், மற்றவன் தானே தின்கிறவன். ஒரு "ப்" போனால் ஆயனே ஆடாகிவிடுவான் என்பது உனக்கா தெரியாது? தெரிந்தே விட்டிருக்கிறாய். உடனே கந்தப்பனைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல். அதைப் பார்த்து லயத்து ஆட்கள் சிரிக்கிறார்கள் என்று மூணாறு போய் வந்தவன் ஒருவன் இங்கே வரை வந்து சொல்கிறான். அவர்கள் சிரிப்பார்கள். கருப்பட்டிக் காப்பிக்கும் அசனத்துக்கும் கோயிலுக்கு வருகிற கூட்டம் வேறென்ன செய்யும்?

அடுத்து அந்தக் கதவு. ஆமாம், நான்தான் தாழிட்டேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. இடர் வரும்போது மந்தையைப் பட்டியில் அடைத்துத் தாழிடுவது மேய்ப்பனின் கடமை. கதவைத் திறந்து போட்டிருந்தால் நீங்கள் நாலா பக்கமும் சிதறி ஓடி யானையின் காலில் விழுந்திருப்பீர்கள். நான் தனியாக வெளியே வந்து, யானையின் கவனத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினேன். அது என் பின்னால் வராமல் அரிசி மூட்டைக்குப் போனது அதன் சுபாவம். அதற்கு நான் பொறுப்பில்லை.

இனி முக்கியமான விஷயம். சாமியார் எனக்கு எழுதியிருக்கிறார். அந்த நாளைப் பற்றி அவர் காதுக்குப் பலதும் போயிருக்கிறது. கோயிலுக்குள் இருந்த உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும், மற்றவர் பேச்சைக் கேட்க மாட்டேன், பழைய வேலையில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆகவே கீழே இருப்பதை அப்படியே உன் கையால் எழுதி அவருக்கு அனுப்பு:

"யானை வந்த சமயத்தில் என் கணவர் நல்ல மேய்ப்பனைப் போல மந்தையைப் பட்டியில் அடைத்து, பத்திரமாகத் தாழிட்டு, தாம் மட்டும் வெளியே சென்றார்."

உன் கடிதத்தில்தான் என் உத்தியோகம் இருக்கிறது. நம் குடும்ப மானமும் அதில்தான் இருக்கிறது. இதையாவது ஒழுங்காகச் செய்.

இன்னாசிராஜ், உபதேசியார்


சூரியநெல்லி,
23-5-1975

உபதேசியார் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதைச் சாமியாருக்கு எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். அன்றைக்குச் சொன்னேன். எல்லோரும் முன்பக்கம் பார்த்து அலறிக்கொண்டிருந்தபோது நான் உங்கள் பின்னாலேயே ஓடி வந்தேன். நீங்கள் வெளியே போனீர்கள், கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. இரண்டு கையாலும் தட்டி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்கிறோமே என்ற வெட்கம் அந்தப் பயத்திலும் எனக்கு இருந்தது. அப்புறம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்ட பிறகுதான் விழுந்தது.

மேய்ப்பனின் குரலை ஆடு அறியும் என்று வருஷா வருஷம் பிரசங்கம் செய்வீர்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவேன். ஆட்டின் குரல் மேய்ப்பனுக்குத் தெரியுமா என்று நீங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நான் கூப்பிட்டது உங்கள் காதில் விழுந்ததா?

விழவில்லை என்றால் விழவில்லை என்று எழுதுங்கள். யானைச் சத்தத்தில் கேட்கவில்லை, பயத்தில் காது அடைத்துவிட்டது, எது வேண்டுமானாலும் எழுதுங்கள். நம்புகிறேன். பயப்படுகிறவனோடு நான் குடித்தனம் நடத்துவேன். பயம் எனக்கும் உண்டு. பதில் வந்ததும் சாமியாருக்கு எழுதிவிடுகிறேன்.

மதலேனம்மாள்


[அஞ்சல் அட்டை]

கொழிஞ்சாம்பாறை,
30-5-1975

மதலேனம்மாளுக்கு, உன் கடிதம் கிடைத்தது. வீணாக மனதை அலட்டிக்கொள்ளாதே. நீ கூப்பிட்டது நன்றாகக் கேட்டது. நீ உள்ளேதான் இருக்கிறாய் என்பது அதனால்தான் எனக்கு உறுதியாயிற்று. ஆடு உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மேய்ப்பன் பட்டியை அடைப்பான். இப்போது உன் மனம் ஆறியிருக்கும். சாமியாருக்கு உடனே எழுது. "ப்" விஷயம் என்ன ஆயிற்று? அக்காள் என் உடம்பு தேறியதற்காக அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு கிடாய் வெட்டினாள். உன்னையும் விசாரித்தாள். - இன்னாசிராஜ்


சூரியநெல்லி,
17-6-1975

இன்னாசிராஜ் அவர்களுக்கு,

பெயரை எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை, சாதாரணப் பெயர்தான்.

உங்கள் அட்டை வந்தது. இங்கே தபால் முதலில் எஸ்டேட் மஸ்டர் ஆபீசுக்குத்தான் வரும் என்பதையும், அட்டை என்றால் கங்காணி வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்பதையும் கறிக்குழம்பில் மறந்துவிட்டீர்கள். என் கைக்கு வருவதற்குள் மேல்டிவிஷன் வரைக்கும் எல்லோருக்கும் அது மனப்பாடம். "மதலேனா, ஒனக்கு மனசு ஆறிருச்சாமே?" என்று கொழுந்துக்காட்டில் கேட்டார்கள். ஆறிவிட்டது என்றேன். அது உண்மைதான். கூப்பிட்டது கேட்கவில்லை என்று எழுதுவீர்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். உங்களுக்குப் பொய் சொல்லக்கூட என்மேல் அக்கறை இல்லை.

சாமியாருக்கு எழுதினேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். எழுத்துப் பிழையும் இல்லை, "ப்" எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. போன ஞாயிறு அவரே வந்து பூசை வைத்தார். பூசை முடிந்து, எல்லோரும் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு என் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். உங்களைப் பழைய வேலையில் வைக்கத்தான் அதை வாசித்தார், பாவம். அந்த மனிதர் நல்லவர். மந்தையைப் பட்டியில் அடைத்து, பத்திரமாகத் தாழிட்டு என்று வாசிக்கும்போதே எனக்குப் பின்வரிசையில் ஒருவர் தும்முவதுபோலச் சிரித்தார். தாம் மட்டும் வெளியே சென்றார் என்ற இடத்தில் சாமியார் நிறுத்திவிட்டார். தாளை இன்னொரு தடவை பார்த்தார். "பட்டியைப் பூட்டிட்டு மேய்ப்பர் எங்க போனார்?" என்று எங்களைக் கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

கமலாத்தாள் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் உங்கள் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைக் கைகாட்டி, "மேய்க்கப் போகலீங்க சாமி. மேயப் போயிருக்காருங்க" என்றாள்.

கோயில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாமியார் திரும்பிச் சுவரைப் பார்த்தார், எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார். அவருக்கும் தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, கம்பம்மெட்டுப் பக்கத்திலிருந்து வேறு உபதேசியாரை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த எழுத்தைத் திருத்தட்டுமா என்று மாரப்பன் கேட்டதற்கு, அவசரமில்லை என்றார்.

நான் சிரிக்கவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களோடு சாப்பிட்டு, உங்கள் வெள்ளை அங்கியைத் துவைத்து, உங்கள் பிரசங்கத்துக்கு முன்வரிசையில் தலையாட்டியவள் நான். எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது. உங்கள்மேல் கோபம்கூட வரவில்லை. அதற்கும் ஒரு தகுதி வேண்டுமல்லவா?

உங்கள் கோலைக் கமலாத்தாளுக்குக் கொடுத்துவிட்டேன். ஊன்றி நடக்க வசதியாக இருக்கிறது என்கிறாள். கோயில் பின்கதவுத் தாழ்ப்பாளை மாரப்பன் கழற்றி உள்பக்கம் அடித்துவிட்டான். உங்கள் அங்கியும் செபப் புத்தகமும் ஷேவிங் சாமான்களும் ஒரு மூட்டையாகக் கட்டிப் போடிமெட்டு டீக்கடையில் வைத்திருக்கிறேன். அவ்வளவு தூரம் நீங்கள் நடந்து பழகியவர்தான்.

நம் வீட்டுக் கதவுக்கு எப்போதும் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். நீங்கள் வரக்கூடும் என்று இத்தனை நாள் போடாமல் படுத்தேன். நேற்றிலிருந்து போடுகிறேன். அதையும் மீறி வந்தால், தட்டுங்கள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு நன்றாகக் கேட்கும்.

மதலேனம்மாள்