குடும்பத்துக்குப் பத்துப் புள்ளி

திங்கள், மே 11

விடிய முதலே மழை. வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் தண்ணீர். பல்கனியில் போட்ட உடுப்பு சனிக்கிழமையிலிருந்து காயவில்லை. அம்மா இஸ்திரிப் பெட்டியால் காலுறை காய வைக்கிறார். வீடு முழுக்க அந்த மணம்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு இடத்துக்கும் அதே வெள்ளி.

க. = கனடா. டிசைன் மனேஜ்மன்ட், ஒரு வருடம். அண்ணன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். பாடத்திட்டத்தில் 'தலைமைத்துவம்' பக்கத்துக்குப் பக்கம். 'வரைதல்' ஓரிடத்திலும் இல்லை.

இ. = இந்தியா, குஜராத் பக்கம். எழுத்துரு வடிவமைப்பில் முதுகலை, இரண்டு வருடம். முதல் தவணை முழுக்கக் கையால் எழுத்து வரைய வேண்டும். விடுதியில் தனி ஆட்களுக்கு மட்டும் இடம்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. கொள்ளுப்பிட்டியில் பிஸ்கட் உறை வடிவமைக்கிறேன். உறையில் மூன்று மொழி. சிங்களமும் ஆங்கிலமும் வசதியாக உட்கார்ந்த பிறகு மிஞ்சிய இடத்தில் தமிழ். அதுவும் காணாவிட்டால் மனேஜர் சொல்வார், "தமிழக் கொஞ்சம் நசுக்கி விடுங்க." நசுக்குவேன். எழுத்து மெலிந்து, கால் நீண்டு, காய்ச்சல்காரன் போல நிற்கும். நல்ல சம்பளம்.

பின்னேரம் கணினியில் அட்டவணை ஒன்று போட்டேன். பாடத்திட்டம் 25, ஆசிரியர்கள் 20, ஸ்டூடியோ 20, செலவு 15, எதிர்காலம் 10, குடும்பம் 10. கூட்டிப் பார்த்தால் கனடா. செலவைக் குறைத்து ஸ்டூடியோவைக் கூட்டினேன். இன்னும் கனடா. 'எதிர்காலம்' என்பதன் வரைவிலக்கணத்தை மாற்றினேன். இந்தியா. விஞ்ஞானபூர்வமான முறை.

மனைவி ஜெனியிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

செவ்வாய்

அரை நாள் லீவு. ஜெனியோடு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். வரிசையில் பாதிப் பேருக்கு நெற்றியில் திருநீறு. சைவக்காரன் நான் ஒருவன் தனியாகத் தெரிய வாய்ப்பில்லை. ஜெனி மெழுகுவர்த்தி கொளுத்திக் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். என்ன கேட்டாய் என்று கேட்கவில்லை. அதற்கும் பயம்.

பிறகு கொட்டாஞ்சேனை, அவளுடைய வீடு. மாமா, அவளுடைய அப்பா, துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேத்தண்ணி, மீன் பற்றிஸ். பற்றிஸ் நன்றாக இருந்தது.

"மாப்பிள்ள, ரெண்டு இடம் கிடைச்சிருக்காமே?"

இந்தியாவைப் பற்றிச் சொன்னேன். நாணல் பேனா, மை, ஓர் எழுத்தை நூறு தடவை எழுதிப் பழகுவது. கொஞ்சம் கூடவே சொல்லியிருக்க வேண்டும்.

"சரி, படிச்சிட்டு எங்க போவீங்க?"

"இங்கதான் மாமா. திரும்பி வருவன்."

மாமா நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இங்க வாறதுக்கு ஏன் போகணும்? இங்கதானே இருக்கீங்க!"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நெரிசல். காலி வீதியில் ஜெனி இறங்க முதல்:

"அப்பாகிட்ட கனடாவப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே."

"அவர் கேக்கேல்லையே."

"அவர் ரெண்டையும்தான் கேட்டாரு."

புதன்

மழை விட்டது. புழுக்கம்.

இரு கற்கைகளிலும் முன்பு படித்தவர்களுக்கு எழுதியிருந்தேன். இன்று இருவரும் பதில்.

க.வில் படித்தவர், யாழ்ப்பாணப் பெடியன்: 'கோர்ஸ் ஓகே அண்ணை. நான் வகுப்புக்குப் பெரிசா போகேல்லை. இப்ப வெயார்ஹவுஸில சுப்பர்வைசர். பி.ஆர். வந்திட்டுது, இனி நிரந்தரமா இருக்கலாம், அதுதானே முக்கியம்.' கடைசியில் உயர்த்திய கட்டை விரல் படம்.

இ.யில் படித்தவர், கோயம்புத்தூர்ப் பெண், குரல் பதிவு அனுப்பியிருந்தார். முழுக்க முழுக்க 'இ' என்ற எழுத்தின் சுழி எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பது பற்றி. இரண்டு தடவை கேட்டேன். வேலை கிடைத்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.

அண்ணன் வீடியோ கோலில். பின்னால் அண்ணி வெங்காயம் வெட்டுகிறார்.

"டேய், என்ன யோசிக்கிறாய்? உள்ள வாறதுதான்ரா படிப்பு. உள்ள வந்தாப் பிறகு நீ விரும்பினா பூச்சாடிக்கும் டிசைன் செய்."

"அண்ணா, அந்தப் பாடத்திட்டம்..."

"பாடத்திட்டத்தை ஆர் பாக்கினம்? பி.ஆர். எடு. பிறகு அம்மாவைக் கூப்பிடலாம்."

அம்மா எட்டிப் பார்த்து, "எனக்குக் குளிர் ஒண்டும் செய்யாது தம்பி. ஏசிக்குள்ள நல்லா நித்திரை வாறது."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெனிக்கு அட்டவணையைக் காட்டினேன். அவள் வங்கியில் கடன் பிரிவில். நாள் முழுக்க மற்றவர்களுடைய அட்டவணைகளை நம்பாமல் இருப்பதுதான் தொழில்.

"குடும்பத்துக்குப் பத்து."

"ஓம்."

"அம்மா, அண்ணா, அண்ணி, அவங்க பிள்ளைகள், நான். என்ட பங்கு ரெண்டு வருமா?"

"அப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறேல்ல ஜெனி."

"ஸ்டூடியோவுக்கு முப்பது குடுத்திருக்கீங்க. அது ஒரு ரூம்."

அவள் கரண்டிகளை மேசையில் வைத்தாள். பிறகு வேறு எதையோ பற்றிப் பேசுவது போல:

"மார்ச்சில எனக்குக் கண்டிக் கிளைக்குப் பிரமோஷன் வந்திச்சு. வேணாம்னுட்டேன்."

"எனக்குச் சொல்லேல்லையே!"

"நாம போறோம்னு நினைச்சிட்டு இருந்தேன். நாம."

புட்டும் மீன் குழம்பும். யாரும் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை.

வியாழன்

அம்மாவின் ஏற்பாடு. வியாழன் குருவுக்குரிய நாள், படிப்புக்கு உகந்தது, ஆகவே பிள்ளையார் முன் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ கனடா, சிவப்புப் பூ இந்தியா. இரண்டையும் தனித்தனியே வாழையிலையில் பொதிந்து, ஐயர் சுவாமியின் காலடியில் வைத்து எடுத்து வருவார். பட்டமேற்படிப்பைத் தெரிவு செய்யும் முறைகளில் இதற்குத்தான் ஆகக் குறைந்த விண்ணப்பக் கட்டணம்.

பொதியை எடுக்க அம்மா ஜெனியைத்தான் சொன்னார். "அவளுக்கும் பிள்ளையாருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. நடுநிலை."

ஜெனி ஒன்றை எடுத்தாள். பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"பிரிக்க முதல் சொல்லுங்க. எது வரணும்?"

ஐயர் பார்த்தார். பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நின்றவர்கள் பார்த்தார்கள்.

"எது வந்தாலும் சரி" என்றேன்.

"பிள்ளை, பிரியம்மா, சனம் நிக்குது" என்றார் அம்மா.

வெள்ளை.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலுக்கு வர முதலே அண்ணனுக்கு அழைப்பு. மற்றப் பொதியைத் தட்டிலிருந்து எடுத்துப் பிரிக்காமலே கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குள்ளும் வெள்ளைதான் என்பது என் ஊகம். கேட்டால் பிள்ளையாரையே சந்தேகப்பட்டதாகும்.

ஜெனி பூவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா முன்னால் போக, நாங்கள் பின்னால். காலி வீதியில் ஹோர்ன் சத்தம்.

"இந்தியாதானே?"

அம்மாவுக்குக் கேட்காத தூரமா என்று பார்த்தேன்.

"ஓம்."

"எப்ப இருந்து?"

"விண்ணப்பிச்ச நாளிலயிருந்து."

"அப்ப கனடாவுக்கு ஏன் போட்டீங்க?"

"நீ ஆசைப்பட்டாய்."

"ஆசைப்பட்டேன்தான். அத வச்சு என்னக் கொஞ்ச நாள் சந்தோசமா வச்சிருந்தீங்க, இல்லையா?"

மரக்கறிக் கடையில் நின்று வல்லாரை வாங்கினாள். கடைக்காரரோடு சிங்களத்தில் விலை பேசினாள், சிரித்தாள்கூட. பையைத் தானே தூக்கிக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து நடந்தாள்.

வெள்ளி, மே 15

காலை அலுவலகத்திலிருந்து இந்தியாவுக்கு 'ஏற்கிறேன்'. பொத்தானை அமத்த முதல் ஜெனிக்கு அழைத்தேன்.

"நீ வேண்டாமெண்டு சொன்னா நான் அமத்தமாட்டன்."

"அப்பிடிச் சொல்லி அத என் தலையில கட்டாதீங்க. போகணும்னா நீங்களே போங்க."

அமத்தினேன். சந்தோசமாக இருந்தது, அதை யாருக்கும் சொல்ல முடியாது.

கனடாவுக்கு மறுப்பு. உடனே தானியங்கிப் பதில்: வருந்துகிறார்களாம். எனது தீர்மானம் எடுக்கும் அனுபவத்துக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் கொடுப்பேன் என்றும் கேட்டிருந்தார்கள்.

அம்மாவுக்குப் பின்னேரம் சொன்னேன். "சுவாமி சொன்னதையும் மீறிப்போட்டாய்." அறைக் கதவு சாத்தப்பட்டது. அண்ணன் கோலை எடுக்கவில்லை. பிறகு ஒரு வரி அனுப்பினான்: 'நல்லா எழுத்துப் பழகு.'

ஜெனி வந்து, குளித்து, சாப்பிட்டு, நாளைக்கு ஓட்டோ ஒன்று சொல்லி வைக்கும்படி சொன்னாள்.

சனி

வெயில். உடுப்பெல்லாம் காய்ந்துவிட்டது. அவளுடையதை அவளே மடித்தாள்.

"நான் ஜூலையிலதானே போறன் ஜெனி. இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு."

"நீங்க போன பிறகு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனா, புருஷன் விட்டுட்டுப் போன பொம்பள. இப்ப போனா, அம்மா வீட்டுக்குப் போன மகள். யோசிச்சுத்தான் போறேன்."

"கண்டி?"

"திங்கக்கிழமை கேட்டுப் பாப்பேன். இடம் நிரம்பியிருக்கும்."

பெட்டிகளை நான்தான் இறக்கினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஓட்டோவில் ஏறிய பிறகு ஜெனிக்கு ரைஸ் குக்கர் தன்னுடையது என்று ஞாபகம் வந்தது, கலியாணத்துக்கு அவளுடைய மாமா மகன் கொடுத்தது. மேலே ஏறினேன். இன்னும் சூடாக இருந்தது. சோற்றைச் சட்டியில் கொட்டிவிட்டுத் துடைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள்.

"வயர்?"

மறுபடி ஏறினேன். அடுப்படியில் அம்மா சட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"அப்ப நாளைக்கு எதில சோறு வைக்கிறது?"