எந்தக் கோயில் எஸ்.எஸ்.டி.?

ஆச்சி,

போன மாதம் ஒரு நாள் காலை உங்கள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசி வாசனை குப்பென்று வந்தது. "தும்மல் வருது ஆச்சி, தள்ளிக்கங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். கடையில் என்னைத் தவிர யாருமில்லை. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

ஹார்ட் டிஸ்க் டக்டக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அது நின்றால், இந்தக் கல்யாணப் பத்திரிகைக் கடையில் நீங்கள் இருபது வருடமாக அமைத்த பக்கங்கள் எல்லாம் போய்விடும். நகல் எடுத்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. ஆகவே நகல் கிடையாது. சென்னையிலிருந்து உங்கள் மகள், "எதுக்கு மாமா கஷ்டப்படுறீக? அதுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு" என்றாள். எனக்கு மனசு வரவில்லை.

முன்பொரு முறை இதே வேலையில் நான் இறங்கியது நினைவிருக்கிறதா? இயந்திரம் விழிப்பதற்குள் டீக்கடையில் ஊர்க்கதை முழுவதும் கேட்டுவிட்டு வருவேன். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும் என்று அங்கேதான் யாரோ சொன்னார்கள். உங்களைக் கேட்காமல் மதுரைக்குப் பஸ் ஏறி, இருப்பதிலேயே வேகமானதை வாங்கிவந்து மேசையில் வைத்தேன். சூயிங்கம் பட்டை மாதிரி இருந்தது.

"இது எந்தக் கோயிலுண்ணே?" என்றீர்கள்.

உங்கள் நகரத்தார் வீடுகளில் சம்பந்தம் பேசப் போனால் முதல் கேள்வி அதுதான். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. பேச்சு அதோடு முடிந்தது.

"கம்ப்யூட்டருக்கு ஏது ஆச்சி கோயிலு?"

"இருக்கு. இதுக்கு எம்.டூன்னு ஒரு சொருகு, அதான் இதோட கோயிலு. நம்ம போர்டுல சாட்டாங்கிற பழைய வாசல் மட்டுந்தான். இதை எங்குட்டுச் சொருகப் போறீக, என் கொண்டையிலயா? மனுசருக்குத்தான் ஒரே கோயில்னா ஆகாது. இதுகளுக்கு ஒரே கோயிலா இருந்தாத்தான் கல்யாணம். மூடியைக் கழட்டிப் பாத்துட்டுல்ல பொண்ணு பாக்கப் போகணும்!"

அந்தப் பட்டை என் மருமகனின் லேப்டாப்புக்குச் சீராகப் போனது. பழுது பார்க்க வந்தவர்கள் எல்லாம் "புதுசு வாங்கிருங்கம்மா" என்று கைவிரிக்க, நீங்களே திருப்புளியைப் பிடித்துக் கற்றுக்கொண்ட வித்தை இது. அன்று சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த முறை பார்த்துவிட்டுத்தான் போனேன். சாட்டா வாசல் ஒன்று காலி, பவர் ஒயரிலும் ஒரு முனை மிச்சம். மதுரைக் கடைக்காரர் அதே சூயிங்கம் பட்டையைத்தான் நீட்டினார்.

"இது அஞ்சு மடங்கு வேகம் சார்."

"வேகம் இருக்கட்டும், எறங்க எடமில்லையே. ரெண்டரை இஞ்ச் சாட்டா குடுங்க."

"பழைய போர்டுன்னா அதுலயும் முழு வேகம் வராதே?"

"போர்டு வேகத்துக்கு ஓடுனாப் போதும்."

"சார் இன்ஜினியரா?"

"பத்திரிகைக்குப் பிழை திருத்துறவன்" என்றேன். சட்டைப் பொத்தான் தெறிக்காதது ஆச்சரியம்.

பழையதிலிருந்து புதியதற்குப் படியெடுக்க மூன்று மணி நேரம் ஆனது. டக்டக் கேட்கும்போதெல்லாம் ஒரு சாமிக்கு வேண்டிக்கொண்டேன். பாக்கி இருக்கும் சாமிகள் குறைவு. பிறகு பொத்தானை அமுக்கினேன். அரை நிமிடத்தில் திரை வந்துவிட்டது. உங்கள் மகளை அழைத்தேன்.

"அம்மா பண்ணது எல்லாம் இருக்கா மாமா?"

"ஒரு எழுத்துக்கூடப் போகலைத்தா."



அப்புறம்தான் 'அண்ணன்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரைப் பார்த்தேன். என்னைப் பாராட்டி ஏதோ எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டு திறந்தேன். என் கண்ணில் படாமல் தப்பிய பிழைகள் ஆச்சி, அத்தனையும்! 'சுற்றமும் நட்பும் சூழ' என்பதைக் 'குற்றமும் நட்பும் சூழ' என்று விட்டிருக்கிறேன். ஒரு வீட்டுப் பத்திரிகையில் 'இரவு விருந்து', 'இரவு மருந்து' ஆகியிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். என் கையைத் தாண்டி ஒரு பிழை போனதில்லை என்று டீக்கடையில் அளந்துகொண்டிருந்தேனே, ஒரு நாளாவது வாய் திறந்தீர்களா?

அந்த ஃபோல்டரை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் திருத்தி முடித்த பத்திரிகையை உடனே அச்சுக்கு அனுப்புவதில்லை. எழுந்து வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு முறை படிக்கிறேன்.